இருவர் அமரும் வண்டியும் இருக்கைத் திருத்தமும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருக எனச் சங்கச் செயலாளர் கேட்டபோது, தமிழாசிரியராகிய எம்மிடம் அவர் இலக்கியக் கட்டுரை ஒன்றையே எதிர்பார்த்திருப்பார் என்பதில் ஐயமில்லை. பழம் பாடல்களில் வரும் தேரைப்பற்றி எழுதலாமென யாமும் முதலில் எண்ணினோம். ஆயின், தேரைப் பாடிய புலவர் குதிரையையும் பாகனையும் உருளையையும் பாடினரேயன்றி, தேரிலே நெடுந்தூரம் இருந்தவனுடைய இடுப்பு எவ்வாறு நொந்தது என்பதைப் பாடியதாக எமக்கு நினைவில்லை. அக்குறையை நிறைவு செய்ய முயல்வதாகவே அன்பர்கள் இக்கட்டுரையைக் கொள்வாராக.

எம் தாய்மாமன் இக்கல்லூரியின் பழைய மாணவர். 1965 வரை இங்கு கற்று, 1969இல் இங்கிலாந்து சென்று, கொவென்றி நகரிலே பொறியியல் தொழில் செய்து ஓய்வு பெற்றவர். 1978இல், தம் சேமிப்பிற் பெரும்பகுதியைக் கொடுத்து, 1971ஆம் ஆண்டில் ஆக்கப்பெற்ற எம்.ஜி.பி. கார் ஒன்றை அவர் வாங்கினார். எம்.ஜி.பி. என்பது இருவர் மட்டும் அமர்தற்குரிய, கூரையை மடித்து வைக்கத்தக்க ஸ்போட்ஸ் கார். ஒக்ஸ்போட்டுக்கு அணித்தாகிய அபிங்டன் என்னும் சிற்றூரின் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை இவ்வினம் ஆக்கப்பட்டது. தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. பதினெட்டு ஆண்டுகள் உருவம் அதிகம் மாறாமல் நின்றமையால், உதிரிப் பாகங்கள் இன்றும் எளிதிற் கிடைக்கின்றன. பழைய வண்டி ஒன்றை வைத்திருக்க விரும்புவோர் இதனை நாடுவதற்கு அதுவே முதற் காரணம்.

2018ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் அம்மானைக் காணச் சென்றோம். வண்டி முற்றத்தில் துணி போர்த்து நின்றது. “தம்பி, மோட்டார் ஓடுகிறது, நான்தான் ஓடவில்லை” என்றார். அப்போது அவருக்கு வயது 72. இடுப்பிலிருந்து இடக்கால் வழியே இறங்கும் நரம்பு நோவு அவரை இரண்டாண்டாக வாட்டியது. அவ்வண்டியில் முப்பது மைல் செல்லுமுன் இறங்கி நடக்க வேண்டியதாயிற்று. மாமியோ, “விற்றுவிடுங்கள்” என்று நாடோறும் சொல்லிவந்தார். வாங்க வருவதாகச் சொன்ன ஒருவருக்கு மாத முடிவிலே விடை கூறவேண்டும் என்பதும் தெரியவந்தது. அவ்வண்டியிலேதான் அவர் தம் மக்கள் இருவரையும் பிறந்த வீட்டிலிருந்து, அதாவது வைத்தியசாலையிலிருந்து, ஒருவர்பின் ஒருவராக வீட்டுக்குக் கொணர்ந்தார். இதனை அவர் சொல்லவில்லை, மாமியே சொன்னார்.

இருக்கையை முன்னரே ஒருமுறை திருத்தியிருந்தனர் என்பதையும் ஈண்டுக் கூறல் வேண்டும். அவ்வூரில் இருக்கை தைப்பவர் ஒருவரிடம் கொடுத்தபோது, அவர் பழைய மெத்தையை எறிந்துவிட்டுப் புதிய ஸ்பொஞ்சைத் தடிப்பாக வெட்டி நிரப்பி, அழகிய உறையும் இட்டுக் கொடுத்தார். பார்வைக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் அமர்ந்த அம்மானோ இரண்டங்குலம் உயர்ந்துவிட்டார். தொடைகள் சுக்கானின் கீழ் விளிம்பில் முட்டின. கண்ணுக்கு நேரே முன்கண்ணாடியின் மேற்சட்டம் நின்றது. தெருவைக் காணக் குனிந்தார். குனிந்தமையால் நோவு மிகுந்தது. மென்மையே சுகம் என்று எண்ணியதன் பயன் அது.

சுகம் என்பது யாது? நாம் நிற்கும்போது முதுகெலும்பின் கீழ்ப்பகுதி முன்னோக்கி வளைந்திருக்கும். இருக்கும்போது இடுப்புக்கூடு பின்னோக்கிச் சுழல, அவ்வளைவு நிமிர்ந்து மறைகிறது. தாழ்ந்து குழிந்த இருக்கையில் எதிர்ப்புறமாகவே கூனுகிறது. சுவீடன் நாட்டவரான பெங்ற் ஓக்கர்புளொம் என்பார், நாற்காலியின் சாய்மானம் தோளைத் தாங்குவதிலும் இடுப்பைத் தாங்குதலே முதன்மையானது என்று 1948இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அந்நாட்டு வைத்தியராகிய அல்ஃப் நகெம்சன் 1960களில் முதுகெலும்புத் தட்டினுள் நுண்ணூசி செலுத்தி அழுக்கத்தை அளந்து, சாய்வின்றி இருப்பவனுக்கு நிற்பவனிலும் அழுக்கம் மிகுதி என்றார். பின்னர் அளந்தோர் அவ்வேறுபாடு அத்துணைப் பெரிதன்று எனக் கண்டனராயினும், முன்கூனி இருத்தல் அழுக்கத்தைப் பெருக்கும் என்பதை அவர்களும் ஒப்புவர்.

கார் இருக்கைக்கு இன்னொரு கடமையும் உண்டு. நாற்காலி நிற்கிறது, காரோ அதிர்கிறது. அமர்ந்தவனுடைய உடல் ஒரு வினாடிக்கு 4 முதல் 8 முறை வரை வரும் மேல்கீழ் அதிர்வையே மிகுதியாக வாங்கிப் பெருக்கிக்கொள்ளும். எம்.ஜி.பி.யின் பின் அச்சு, மாட்டுவண்டியை நினைவூட்டும் இலைவில்லின்மேல் நிற்பது. குறுகிய வண்டி, விறைத்த வில். ஆதலின், வில் செய்யத் தவறியதை இருக்கையே செய்ய வேண்டும். கல்லுப்போன்ற மெத்தை அதிர்வை அப்படியே உடலுக்குக் கடத்தும். மிக மென்மையான மெத்தையோ முதற் குலுக்கிலேயே முற்றாக நசுங்கி, அடிச்சட்டத்தை உடலிற் படவைக்கும்.

இனி இருக்கையின் அமைப்பைக் காண்போம். அம்மானுடைய காரின் ஆண்டுக்குரிய இருக்கை உருக்குக் குழாய்ச் சட்டம் உடையது. அதன் நடுவே ஒரு தடித்த றப்பர்த் தகடு, சுற்றிலும் கம்பிக் கொளுக்கிகளால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அதன்மேல் ஸ்பொஞ்ச் மெத்தை, அதன்மேல் உறை. சட்டத்தின் கீழ் முன்பின் நகரும் தண்டவாளங்கள் இரண்டு. அவற்றுக்கும் தரைக்கும் இடையே மரச் சலாகைகள். சாய்மானம் சாயக்கூடியது. இவற்றுள் முதலிற் கெடுவது றப்பர்த் தகடே. ஐம்பது ஆண்டு வெயிலும் எண்ணெய்ப் புகையும் பட்ட றப்பர் வெடித்துத் தளரும். கொளுக்கி கழன்ற மூலையில் உடல் சரியும். ஒரு பக்கமாகச் சரிந்திருப்பவன் தன் முதுகைத் தானே முறுக்கிக்கொள்கிறான். தனக்கு ஏன் இடப்பக்கம் மட்டும் நோகிறது என்று வைத்தியரைக் கேட்கிறான்.

அம்மானுடைய இருக்கையைக் கழற்றியபோது கண்டதும் அதுவே. தரையில் நான்கு ஆணிகள். துருப்பிடித்தவற்றுக்கு முதல்நாள் இரவே எண்ணெய் விட்டோம். இருக்கையைக் கவிழ்த்துப் பார்க்க, இடப்பக்கக் கொளுக்கிகளுள் மூன்று றப்பரைக் கிழித்துக்கொண்டு தொங்கின. முன்னர்த் திருத்தியவர் அதனைத் தொடவேயில்லை. தளர்ந்த தகட்டின் குழியை மறைக்கவே தடித்த ஸ்பொஞ்சை இட்டார் போலும். அடியிலே இருந்த நோயை மேலே மருந்திட்டு மறைத்தமையால், இருக்கை உயர்ந்ததுமாயிற்று, சரிந்ததுமாயிற்று.

எனவே, எவர் இவ்வேலையைத் தொடங்கினும் கீழிருந்து மேலாகவே செல்க என்பது எம் கருத்து. சட்டத்திலே வெடிப்புண்டா என்று பார்த்து, துருவை உரைத்து நீக்கி, மை பூசினோம். புதிய றப்பர்த் தகடு தபாலில் வந்தது. கொளுக்கி மாட்டுவது இளைஞர் வேலை. இடுக்கி நழுவினால் கம்பி கண்ணை நோக்கிப் பாயும். எதிரெதிர்ப் பக்கங்களை மாறிமாறி மாட்டினால் இழுவிசை சமமாகும். தகடு கிடைக்காத இனங்களுக்கு, மரச்சாமான்களுக்கு இடும் றப்பர் வாரைப் பயன்படுத்தலாம். அதனை நீளத்திற் பத்தில் ஒரு பங்கு இழுத்து அடித்தல் தகும்.

அடுத்தது உயரம். இதிலேதான் யாம் இரண்டு நாள் செலவிட்டோம், அச்செலவு வீணன்று. சட்டத்தின்மேல் ஒரு பலகையை இட்டு, அதன்மேல் பழைய சஞ்சிகைகளை அடுக்கி அம்மானை இருத்தினோம். சஞ்சிகைகளை ஒவ்வொன்றாகக் கூட்டியும் குறைத்தும், அவர் கண் முன்கண்ணாடியின் மேற்சட்டத்துக்கு நான்கு விரற்கடை கீழே நிற்கவும், தொடைக்கும் சுக்கானுக்கும் இடையே கை நுழையவும் ஆகிய உயரத்தைக் கண்டோம். ஒரு தடியிற் கண்மட்டத்தைக் குறித்து வைத்தோம். மெத்தை வெட்டியபின் அம்மான் அதில் அமர்ந்து நசுங்கிய நிலையில், கண் அதே குறிக்கு வரவேண்டும். வெறும் மெத்தையை அளவுகோலால் அளப்பது பயனற்றது. மனிதன் இருந்த மெத்தையையே அளக்க வேண்டும்.

சரிவு இன்னொன்று. தொழிற்சாலை இட்ட நிலையில் தொடையின் முன்பகுதி அந்தரத்தில் நின்றது. உடற்பாரம் முழுவதும் இருப்பெலும்பின் இரு முனைகளிற் பொறுத்தது. முன்பக்க ஆணிகளின் கீழே அரையங்குலத் தடிப்புக்கு உலோக வளையங்கள் இட்டு, நீண்ட ஆணி பூட்டினோம். தொடை மெத்தையைத் தொட்டது. இம்மாற்றத்துக்கான செலவு ஒரு தேநீரின் விலையைத் தாண்டாது. பழைய கார் வைத்திருப்போர் உறையைக் கிழிக்குமுன் இதனை ஒருமுறை செய்து பார்ப்பாராக. சிலருக்கு இதுவே போதும். ஒன்றை மறவாதிருக்க: முன்விளிம்புக்கும் முழங்காலின் உட்குழிக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். இன்றேல் கால் மரத்துவிடும்.

ஸ்பொஞ்ச் வாங்கச் சென்றவிடத்து யாம் கற்ற பாடம் ஒன்று. அடர்த்தி வேறு, விறைப்பு வேறு. அடர்த்தி என்பது ஒரு கனமீற்றரில் எத்தனை கிலோ என்பது. அது மெத்தையின் ஆயுளைக் காட்டும். விறைப்பு என்பது அதனை அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது; அதுவே உடல் உணர்வது. அடர்த்தி மிகுந்தும் மெதுவாய் இருப்பதுண்டு. அடர்த்தி குறைந்தும் விறைத்திருப்பதுண்டு. பின்னதை வாங்குவோர் முதலாண்டில் மகிழ்ந்து, மூன்றாமாண்டில் குழியில் இருப்பர். 50 கிலோ அடர்த்திக்குக் குறையாததைத் தெரிந்து, தீயை எளிதிற் பற்றாத வகையா என்றும் கேட்டு வாங்கினோம். கீழே இரண்டங்குலம் விறைத்தது, மேலே ஓரங்குலம் மெதுவானது என இரண்டடுக்கு. தொடையைத் தாங்கும் பக்க வரம்புகளுக்கு இன்னும் விறைத்தது. பாண் வெட்டும் மின்கத்தி ஸ்பொஞ்சையும் நேராக வெட்டும் என்பது மாமி அறியாதிருக்க வேண்டிய செய்தி, ஆயினும் அறிந்துவிட்டார்.

உடற்சூட்டில் இளகி உருவம் வாங்கும் ஸ்பொஞ்சைப் பலர் புகழ்வர். 1966இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவுக்காக, விமான இருக்கைகளின்பொருட்டுக் கண்டது அது. மேலே மெல்லிய படையாக இட்டால் நன்றே. தடிப்பாக இட்டால், இங்கிலாந்தின் குளிர்காலை வேளையில் அது பலகையாய் நிற்கும். கூரையற்ற காருக்கு ஒவ்வாது. யாம் அதனை விடுத்தோம்.

இவ்விடத்தில் சிறிது விலகிச் செல்ல அன்பர்கள் பொறுப்பாராக. கார் மெத்தையின் வரலாற்றில் எம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொணர்ந்த விதைகள் 1876இல் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவ்வாண்டிலேயே அந்நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. 1929இல் பேமிங்காம் நகர டன்லொப் தொழிற்சாலையில் ஈ. ஏ. மேர்பி என்பாரும் அவருடன் வேலை செய்தோரும் றப்பர்ப் பாலை முட்டை அடிப்பதுபோல் அடித்து நுரையாக்கி இறுகவைத்தனர். டன்லொப்பிலோ என்னும் மெத்தை இவ்வாறு பிறந்தது. எம் தென்னந் தும்பும் பின்தங்கவில்லை. ஜெர்மனியரின் வொக்ஸ்வாகன் வண்டியின் மெத்தை, றப்பர்ப் பால் தெளித்து இறுக்கிய தும்பே. காற்றோட்டமுள்ளது, வியர்வையை வாங்குவது. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் ஆகியவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டிய 1990களில், ஸ்பொஞ்ச் கிடையாதபோது இருக்கைக்குத் தும்பு திணித்ததை எம் சிறுவயதிற் கண்டோம். அன்று அதனை வறுமை என்று நினைத்தோம். ஜெர்மனியர் அதனைத் தெரிந்தே செய்தனர் என்பதைப் பின்னரே அறிந்தோம். இன்றைய ஸ்பொஞ்ச் றப்பரன்று. பொலியூரிதேன் என்னும் செயற்கைப் பொருள். ஈரத்தாலும் காற்றாலும் காலப்போக்கிற் சிதைந்து மஞ்சட் பொடியாய் உதிரும். பழைய இருக்கையைத் திறப்போர் மூக்கை மூடிக்கொள்க.

இடுப்புத் தாங்கிக்கு யாம் கைக்கொண்ட வழி எளிது. ஒரு கைத்துவாயைச் சுருட்டி, இடுப்பு வாரின் மட்டத்தில் வைத்து, அம்மானை நாடோறும் அரைமணி நேரம் ஓட்டவிட்டோம். மேலே, கீழே, தடிப்பாக, மெல்லியதாக என மாற்றி மாற்றி நான்காம் நாள் “இதுதான்” என்றார். அவ்வுருவத்தை அளந்து, ஓரங்குலத் தடிப்பில் ஸ்பொஞ்சை வெட்டி, விளிம்புகளைச் சீவி, சாய்மான மெத்தைக்குப் பின்னே ஒட்டினோம். முன்னே ஒட்டின் புடைப்பு முதுகிற் குத்தும். பின்னே ஒட்டினால் மெத்தை அதனை மென்மையாக்கும்.

உறையைப்பற்றிப் பலவும் எழுதலாம். 1969க்கு முந்திய எம்.ஜி.பி.களில் உடல்படும் பகுதி தோல், பிற்பட்டவற்றில் வினைல். எம்மவர் வினைலை இன்றும் றெக்சின் என்பர். உண்மையில் றெக்சின் என்பது அதற்கு முந்திய வேறொரு பூச்சுத் துணியின் வணிகப் பெயர். பெயர் நிற்கப் பொருள் மாறியதற்குத் தமிழாசிரியருக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். தோல் மூச்சு விடும், ஆனால் விலை மிகுதி. பிரித்தானிய கார்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தோல் கொடுத்த கொனலி நிறுவனத்தின் தொழிற்சாலை 2002இல் மூடப்பட்டது. தோலை வெட்டுவோர் முதுகுப் பகுதியை இருக்கையின் நடுவிற்கும், இழுபடும் வயிற்றுப் பகுதியை மறைவிடங்களுக்கும் இடுவர். அம்மான் தோலை விரும்பவில்லை; தொழிற்சாலையில் வந்த கறுப்பு வினைலே வேண்டுமென்றார்.

நல்லூழாக, முதலில் இருந்த உறையை மாமி எறியாது கட்டி வைத்திருந்தார். அதனைத் தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எண்ணும் மேல்கீழும் குறித்து, மாதிரியாக வைத்து வெட்டினோம். தைத்தவர் அவ்வூரிலுள்ள வேறொரு மூதாட்டி; திரைச்சீலை தைப்பவர், ஆனால் அவரது பொறி தடித்த நூலைத் தாங்கும். உறையை மாட்டுவதே கடினம். மெத்தையை மெல்லிய பிளாத்திக்குப் பையாற் சுற்றினால் உறை வழுக்கிக்கொண்டு ஏறும். ஏறியபின் பையைக் கிழித்து இழுத்துவிடலாம். வினைலை வெயிலில் வைத்தோ தலைமயிர் உலர்த்தும் பொறியால் சூடாக்கியோ இழுத்தால் சுருக்கம் விழாது. ஆவணி மாதமாயிருந்தும் கொவென்றியில் அன்று வெயில் இல்லை.

பழைய வண்டியின் உறுப்பை மாற்றலாமா என்று வினவுவோர் உளர். சிலர் எம்.ஜி.பி.யில் மஸ்டா எம்.எக்ஸ்-5 காரின் இருக்கைகளைப் பொருத்துகின்றனர். 1989இல் வெளிவந்த அவ்விருக்கை சுகமானது. தலை தாங்கியும் உண்டு. ஆயின் தண்டவாளத்தை வெட்டி ஒட்ட வேண்டிவரும். இருக்கையும் இடைவாரும் விபத்தில் உயிர் காப்பன; ஒட்டுவேலை தெரியாதவர் அதனைத் தொடலாகாது. எம் கொள்கை, திரும்பிச் செல்லக்கூடிய வழியிலேயே செல்வது. யாம் செய்தவற்றுள் சட்டத்தைத் துளைத்தோ வெட்டியோ செய்தது ஒன்றுமில்லை. மூல உறையின் துண்டுகளையும் நீக்கிய ஆணிகளையும் ஒரு பெட்டியில் இட்டு, மேல்மாடத்தில் வைத்தோம். பெட்டியின்மேல் “எம்.ஜி. இருக்கை, 1971” என்று அம்மான் தமிழில் எழுதினார். ஐம்பதாண்டு ஆங்கிலேயரோடு வாழ்ந்தும் அவர் கையெழுத்து, கல்லூரியில் எழுதிய கையெழுத்தாகவே இருந்தது.

விடுமுறையின் இறுதி வாரத்தில், இலண்டனிலுள்ள எம் பழைய மாணவர் சிலரைக் காண அவ்வண்டியிலே புறப்பட்டோம். ஏறக்குறைய நூறு மைல். முப்பதாம் மைலில் யாம் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் தெருவைப் பார்த்தார். நாற்பதில் எமது இடுப்புத்தான் நொந்தது. திருத்தியது ஓட்டுபவர் இருக்கை மட்டுமே. யாம் இருந்தது பழைய குழியில். ஐம்பத்தைந்தாம் மைலில் தேநீருக்கு நிறுத்தினோம். கதவைப் பிடிக்காமல் இறங்கினார் என்று சொல்ல விரும்புகிறோம், பிடித்துக்கொண்டே இறங்கினார். ஆனால் நடந்து திரியாமல் நேரே தேநீர்க்கடைக்குள் சென்றார். நோவு முற்றாக நீங்கிற்றென யாரும் எண்ணற்க. இருக்கை மருந்தன்று, அந்நோவைக் கூட்டாமல் இருந்தது, அவ்வளவே.

வாங்க வந்தவருக்கு மாத முடிவில் இல்லை என்று விடை போயிற்று. விடையைத் தொலைபேசியிற் சொன்னவர் மாமி. சொல்லி முடித்து எம்மை நோக்கி, “அப்போ என்ரை பக்கத்துச் சீற்றை எப்ப செய்யப் போறியள்?” என்றார். மாமியின் பாரம் அம்மானுடையதிற் பாதியளவே, கால் குட்டை. அதே ஸ்பொஞ்சை இட்டால் அது அவருக்குப் பலகை. கீழடுக்கில் மெதுவானதை இட்டு, மெத்தையின் முன்விளிம்பை ஓரங்குலம் குறுக்கி, புறப்படுவதற்கு முதல்நாள் மாலை பூட்டினோம். முன்பக்க ஆணியின் கீழ் வளையம் வேண்டாமென அமர்ந்து பார்த்தே சொல்லிவிட்டார். அவ்வளையங்கள் இரண்டும் இன்னும் எம் மேசை இலாச்சியிற் கிடக்கின்றன.